விட்டுவைத்த பலம்

இலங்கையின் பொல்பிட்டிய மின்நிலையம் 1969இல் ஓடத் தொடங்கியது. 75 மெகாவாட். லக்சபான நீர்த்தேக்கத்திலிருந்து மலைக்குள் சுரங்கமாக வரும் தண்ணீர் குழாயில் இறங்கி, சக்கரங்களைச் சுற்றிவிட்டுக் களனி கங்கையோடு சேர்கிறது. அதே 1969இல் அமெரிக்காவில் டொட்ஜ் சார்ஜர் ஆர்/டி என்ற காரை 375 குதிரை சக்தி என்று சொல்லி விற்றார்கள். மின்நிலையத்தின் கணக்கையும் குதிரை சக்தியில் போட்டால் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் வருகிறது. அப்படியென்றால் எங்கள் ஊர் மின்நிலையம் ஏறத்தாழ 270 சார்ஜர் கார்கள்.

கராஜில் வேலை குறைந்த மழை நாட்களில் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். சக்தியைப் பற்றி யோசிக்க இந்தப் பள்ளத்தாக்கைவிட நல்ல இடம் கிடையாது. மேலே காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள். நடுவில் நோர்ட்டன் பிரிட்ஜ், லக்சபான. கீழே நாங்கள். ஒரே தண்ணீர் படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் வேலை செய்துவிட்டுப் போகிறது. இந்த மலைநீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை வாசித்தார். லக்சபானவில் முதல் மின்சாரம் வர 1950 ஆகிவிட்டது.

மின்நிலையத்தில் என்னை நிறுத்தி வைப்பது சுழலும் சக்கரம் அல்ல. நீண்ட சுரங்கத்தில் ஓடிவரும் தண்ணீரைத் திடீரென்று அடைத்தால் அந்த வேகம் எங்கே போகும்? குழாயைப் பிளந்துகொண்டு போகும். அதனால் இப்படிப்பட்ட நிலையங்களில் சுரங்கம் முடிந்து குழாய் தொடங்கும் இடத்தில், மேல்பக்கம் திறந்த ஒரு பெரிய கிணறு கட்டுவார்கள். வாய் அடைபட்டதும் தண்ணீர் அதில் ஏறி, இறங்கி, ஆடி, மெல்ல அடங்கும். அந்தக் கிணற்றால் ஒரு யூனிட் மின்சாரமும் வராது. சும்மாதான் நிற்கிறது. நிறுத்த வேண்டிய அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் அத்தனை கொங்கிரீட்டும்.

*

அக்காவின் மகன் கனடாவில், பிரம்டனில் இருக்கிறான். லொறி ஓட்டுகிறான். போன கிழமை ஒரு படம் அனுப்பினான். 2018ஆம் ஆண்டு டொட்ஜ் சலஞ்சர், ஸ்கட் பெக் என்ற வகை, கறுப்பு நிறம். 392 கன அங்குல ஹெமி எஞ்சின். நம் கணக்கில் 6.4 லீற்றர். முதல் சொந்தக்காரரோ இரண்டாமவரோ அதில் சூப்பர்சார்ஜர் ஏற்றியிருக்கிறார்.

“மாமா, பாவிச்ச கார்தான். ஆனா நல்லா டியூன் பண்ணி வச்சிருக்காங்க. எழுநூறு குதிரை சக்தியாம். எடுக்கலாமா?”

சின்ன வயதில் இவன் என் கராஜில் வந்து உட்கார்ந்திருப்பான். வளைவுக்கு அந்தப்பக்கம் தேயிலைக் கொழுந்து லொறி வரும்போதே எந்தத் தோட்டத்து லொறி என்று சத்தத்தில் சொல்லுவான். தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்கு எஞ்சின் சத்தம் என்பது வெளியுலகத்திலிருந்து வரும் செய்தி. ரோட்டில் எது போனாலும் அது எங்கேயோ போகிறது, நாமும் போகலாம் என்று அர்த்தம். அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முப்பது வயதில் ஒருவன் தன் உழைப்பில் ஒரு வி-8 எஞ்சினின் பின்னால் உட்கார நினைப்பதில் தப்பே இல்லை.

அவன் பார்க்கும் கார் அவன் இப்போது குடியிருக்கும் ஊரில் செய்யப்பட்டது. அமெரிக்கக் கார் என்று உலகம் சொல்லும் இந்தக் காலத்துச் சலஞ்சரும் சார்ஜரும் பிரம்டன் தொழிற்சாலையில் இருந்தே வந்தன. 2023 டிசம்பர் 22இல் அங்கே கடைசிச் சலஞ்சர் வெளியே வந்தது. டீமன் 170 என்ற வகை, எதனோல் கலந்த எரிபொருளில் 1,025 குதிரை சக்தி. அத்தோடு அந்தக் கார் முடிந்தது. இனி கிடைப்பதெல்லாம் பாவித்தவைதான். வருடம் போகப் போக இன்னும் பல கைகள் மாறியிருக்கும். ஆகவே அவன் கேட்ட கேள்வி இனி நிறையப் பேர் கேட்கப்போகும் கேள்வி.

*

எஞ்சினைப் பற்றி முதலில்.

தொழிற்சாலையிலிருந்து வரும் ஸ்கட் பெக் எஞ்சின் 485 குதிரை சக்தி தரும். அதே தொழிற்சாலை 707 குதிரை சக்திக்கு ஒரு எஞ்சின் செய்தது. ஹெல்கெட் என்று பெயர். 6.2 லீற்றர், சூப்பர்சார்ஜர் வைத்தது. விற்பவர் சொல்லும் எழுநூறு அதை மனதில் வைத்துச் சொல்லும் எழுநூறு. இரண்டும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.

ஸ்கட் பெக் எஞ்சினில் காற்றும் பெற்றோலும் 10.9 மடங்கு அழுத்தப்படுகின்றன. சூப்பர்சார்ஜர் இல்லாமல் ஓடுவதற்காக வைத்த அளவு அது. ஹெல்கெட்டில் சூப்பர்சார்ஜர் முன்கூட்டியே காற்றை அமுக்கி அனுப்புகிறது என்பதால் சிலிண்டருக்குள் அந்த அழுத்தத்தை 9.5 மடங்காகக் குறைத்தார்கள். வார்ப்புப் பிஸ்டனை எடுத்துவிட்டு, அடித்து உருவாக்கிய பிஸ்டன் போட்டார்கள். கியர்பொக்ஸும் அதைவிடப் பலமான வகை. முன் பிரேக் டிஸ்க்கை 390 மில்லிமீற்றராக்கினார்கள். சாதாரண ஸ்கட் பெக்கில் 360. காற்றைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு, எண்ணெயைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு. சக்தியை 222 கூட்டுவதற்கு அந்தத் தொழிற்சாலை காரின் பாதியைத் திரும்ப யோசித்தது.

மருமகன் பார்க்கும் காரில் கூடியிருப்பது சூப்பர்சார்ஜர் மட்டும். பிஸ்டன் பழையது. அழுத்தம் பழையது. கியர்பொக்ஸ் பழையது. பிரேக்கும் பழையதே.

எந்த எஞ்சினையும் தொழிற்சாலை அதன் எல்லைவரை ஓட்டி விற்பதில்லை. கொஞ்சம் விட்டுவைக்கும். மோசமான பெற்றோல் போட்டுவிடுவார்கள், எண்ணெய் மாற்ற மறப்பார்கள், ஆடி மாத வெயிலில் ட்ராஃபிக்கில் ஒரு மணி நேரம் நிற்கும், ஏற்றத்தில் ஆள் நிறைய ஏற்றுவார்கள். இதையெல்லாம் நினைத்துத்தான் விட்டுவைக்கிறது. டியூன் செய்வது என்றால் பெரும்பாலும் அந்த விட்டுவைத்த இடத்துக்குள் போவதுதான். எஞ்சின் கம்ப்யூட்டரில் பெற்றோல் அளவையும் தீப்பொறி விழும் நேரத்தையும் திருத்தி எழுதுகிறார்கள். நன்றாகச் செய்பவர் அளந்து எடுக்கிறார்; எடுத்த இடத்தில் வேறு பலம் வைக்கிறார். மோசமாகச் செய்பவர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு காகிதத்தில் பெரிய எண் எழுதித் தருகிறார். அந்த எண் பொய்யாக இருக்கத் தேவையில்லை. அன்றைக்கு, அந்தக் குளிரில், அந்தப் பெற்றோலில், சில விநாடிகள் அந்த எஞ்சின் எழுநூறைத் தந்திருக்கலாம்.

பாவித்த டியூன் கார் வாங்குகிறவன் சக்தியை வாங்குவதாக நினைக்கிறான். உண்மையில் அவன் வாங்குவது, முன்னால் இருந்தவன் செலவழித்த பிறகு மிஞ்சியிருப்பதை. எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எவ்வளவு தரும் என்பது இரண்டாவது.

*

இந்த மலையில் சக்தியை வேறு மாதிரி அளக்கிறோம்.

ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர். கினிகத்தேனை தாண்டி கித்துல்கலைக்கு வரும்போது ஆயிரம் மீற்றரளவு இறங்கியிருப்போம். சலஞ்சர் போன்ற ஒரு கார் கிட்டத்தட்ட 1,900 கிலோ. அந்த எடை ஆயிரம் மீற்றர் இறங்கும்போது வெளியாகும் சக்தி 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். தண்ணீர் இறங்கினால் அந்த 5 யூனிட்டில் விளக்கெரிக்கலாம். கார் இறங்கினால் அது முழுவதும் சூடாகத்தான் போக வேண்டும். பிரேக் டிஸ்க்கில், டயரில், எஞ்சினில், காற்றில். இதுதான் எங்கள் பள்ளத்தாக்கின் கணக்கு. ஏறுவதற்குக் கொடுத்ததை இறங்கும்போது யாராவது வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்பா தோட்டத்து லொறி ஓட்டியவர். ஏறிய கியரில் இறங்கு என்பார். வேறு பாடம் அவர் சொல்லித்தரவில்லை. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் எண்ணெய் கொதிக்கும்; கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும்; மிதித்தால் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. பழைய எண்ணெயில் ஈரம் கூடியிருப்பதால் அது இன்னும் சீக்கிரம் கொதிக்கும். 2023 ஜனவரியில் நானுஓயா ராதெல்ல குறுக்குவழியில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிவந்த பஸ் ஒன்று ஒரு வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் இறந்துபோனார்கள். அந்த ரோட்டில் இறங்கும்போதெல்லாம் இரண்டாம் கியரில்தான் இறங்குகிறேன். பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடித்தாலும் அப்படித்தான்.

பிரம்டன் சமதளம் என்று மருமகன் சொல்லுவான். உண்மைதான். ஆனால் வேகமும் ஒரு உயரம்தான். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது. மணிக்கு 200 கிலோமீற்றரில் போகும் கார், கிட்டத்தட்ட 160 மீற்றர் உயரத்திலிருந்து விழும் காரின் சக்தியோடு போகிறது. அதை ஓட்டுகிறவன் சமதள ரோட்டில் தானே ஒரு மலையைக் கட்டி அதன் உச்சியில் நிற்கிறான். அங்கிருந்து இறக்குவதற்கு அந்த 360 மில்லிமீற்றர் டிஸ்க் மட்டும் இருக்கிறது.

*

இலங்கையில் இந்தக் காரை வாங்கலாமா என்று பக்கத்துக் கடைத் தம்பி கேட்டான், படத்தைப் பார்த்துவிட்டு. முடியாது. சலஞ்சர் இடதுபக்க ஸ்டியரிங்கோடு மட்டுமே செய்யப்பட்டது. நம் நாட்டில் அப்படிப்பட்ட காரைச் சாதாரணமாகப் பதிய விடமாட்டார்கள். ஃபோர்ட் மஸ்டாங் மட்டும் 2015 மொடலிலிருந்து வலதுபக்க ஸ்டியரிங்கோடு தொழிற்சாலையிலிருந்தே வந்தது. அதற்கும் எஞ்சின் அளவைப் பார்த்துப் போடும் வரியைக் கட்ட ஒருவரால் முடிந்தால்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த இடைவெளியில் நாட்டில் இருந்த பழைய கார்களெல்லாம் விலையேறின. ஓட்டை லான்சரை அதன் எடைக்குத் தங்கம் கேட்பவரைப் பார்த்தேன்.

எங்கள் மலைக்கு வந்த அமெரிக்க வண்டி என்றால் வில்லிஸ் ஜீப்தான். இரண்டாம் உலகப் போருக்குச் செய்தது, 60 குதிரை சக்தி. தோட்டத்துப் பெரிய துரைமாரிடம் இருந்தது, பிறகு கடைக்காரர்களிடம் வந்தது, பிறகு எஞ்சின் மாறி டீசலாகியது. இன்றும் ஓடுகிறது. அந்த 60 குதிரையில் தொழிற்சாலை விட்டுவைத்த பலம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதன் கியர்பொக்ஸை நானே திறந்திருக்கிறேன்.

வேகத்தின் ஆசை இந்த மலைக்குப் புதிதல்ல. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றக் கார் ஓட்டம் 1934இல் தொடங்கியது. அன்று துரைமார் காலம். இன்றும் ஏப்ரல் வசந்தகாலத்தில் அது நடந்தால் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வரம்பில் நின்று பார்க்கிறார்கள். லான்சர் எவலூஷன், சுபாரு இம்பிரேசா, ஹொண்டா சிவிக். பெரிய எஞ்சின் அங்கே சுலபமாக ஜெயிக்காது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் டர்போ இல்லாத எஞ்சின் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட அங்கே இழந்துவிடும். 485 குதிரை, ஏறத்தாழ 400ஆகிவிடும். டர்போ வைத்த சின்ன எஞ்சின் மெலிந்த காற்றையும் அமுக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அந்த ஓட்டங்களில் ஓடிய கார்கள் பிறகு விற்பனைக்கு வரும். கேட்டால் ஓட்டத்தில் ஓடவில்லை என்பார்கள். நான் பார்ப்பது கதவுச் சட்டத்தின் உள்பக்கம். ரோல் கேஜ் என்ற பாதுகாப்புக் கூண்டைப் பற்றவைத்துக் கழற்றிய இடத்தில் பெயின்ட் ஒரே நிறமாக இருக்காது.

*

அமெரிக்காவிலும் இந்த ஆசைக்கு ஒரு தொடக்கம் உண்டு. 1964இல் பொன்டியாக் நிறுவனம் ஜி.டி.ஓ. என்று ஒரு கார் விட்டது. நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய காரின் 389 கன அங்குல எஞ்சினை வைத்தார்கள். அதுவும் 6.4 லீற்றர்தான். அன்று அது 325 குதிரை, மூன்று கார்பரேட்டர் வைத்தால் 348. அமெரிக்காவின் மசில் கார் காலம் அங்கேதான் உறுதியாகத் தொடங்கியது. அந்த நாள் எண்கள் இன்றைய எண்களோடு நேராக ஒப்பிட முடியாதவை. 1972க்கு முன் எஞ்சினைத் தனியாக, விசிறியும் சைலன்சரும் இல்லாமல் மேடையில் வைத்து அளந்தார்கள். பிறகுதான் காரில் இருக்கும் நிலையில் அளக்கத் தொடங்கினார்கள். எண்கள் ஒரே வருடத்தில் பெரிதாக விழுந்தன. அதே எஞ்சின்கள்தான். பிறகு புகைச் சட்டங்களும், இன்சூரன்ஸ் கட்டணமும், 1973 எண்ணெய் நெருக்கடியும் வந்து அந்தக் காலத்தை முடித்தன.

1966இல் ஹேர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம் ஷெல்பி ஜி.டி.350 மஸ்டாங் ஏறத்தாழ ஆயிரத்தை வாங்கி வாடகைக்கு விட்டது. வார இறுதியில் வாடகைக்கு எடுத்து கார்ப் பந்தயத்துக்குக் கொண்டுபோன கதைகளை இன்றும் சொல்கிறார்கள். வாடகை முடிந்த பின் அவை பாவித்த கார்களாக விற்பனைக்கு வந்தன. அவற்றை வாங்கியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு காருக்கு எத்தனை கைகள், எத்தனை சனிக்கிழமைகள். அதில் எந்தக் கை என்ன செய்தது என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது. இன்று அவை சேகரிப்பாளர்களின் செல்வம். அன்று வாங்கியவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது கிளச்சும் பிரேக்கும்.

*

காசைப் பற்றி எழுதாமல் இந்தக் குறிப்பை முடிக்க முடியாது.

அவனுடைய அம்மா, என் அக்கா, கொழுந்து எடுத்து அவனை வளர்த்தவள். நாளுக்கு ஆயிரம் ரூபாய் சம்பளம் என்ற கோரிக்கை எத்தனையோ வருடம் ரோட்டில் நின்று, 2021இல்தான் வந்தது. அவள் அதற்கு முன்பே இடுப்பு முடியாமல் வேலையை விட்டுவிட்டாள். எங்கள் குடும்பத்தில் மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சியது கிடையாது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கடன். ஒரு கலியாணம் வந்தால் கடன். மிச்சம் இல்லாமல் வாழ்வது எப்படி என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்தக் காரைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. மிச்சமில்லாத வீட்டிலிருந்து போனவன், மிச்சத்தைச் செலவழித்து முடித்த ஒரு எஞ்சினைக் கடனில் எடுக்கப் பார்க்கிறான். அந்த எஞ்சின் பிளந்தால் அவனுடைய மாதமும் சேர்ந்து பிளக்கும்.

இன்சூரன்ஸ் கட்டணம் அங்கே பெரிய காசு. காரை மாற்றியமைத்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இழப்பீடு கேட்கும் நாளில் இன்சூரன்ஸ்காரர் கை விரிக்கலாம். ஒன்ராறியோவில் 80க்குக் குறைந்த வேக எல்லையுள்ள ரோட்டில் எல்லையைவிட 40 கிலோமீற்றர் கூடப் போனால் அங்கேயே லைசென்ஸை 30 நாளும் காரை 14 நாளும் எடுத்துவிடுவார்கள். லொறி ஓட்டிப் பிழைப்பவனுக்கு லைசென்ஸ்தான் வயிறு. 30 நாள் லைசென்ஸ் இல்லையென்றால் அது அபராதம் மட்டும் அல்ல, வேலை.

பெற்றோலும் இருக்கிறது. நகரத்தில் 100 கிலோமீற்றருக்கு 15 லீற்றருக்கு மேல் குடிக்கும். 2022இல் இங்கே பெற்றோல் தட்டுப்பாட்டில் பங்கிடக் கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். பெற்றோல் ஷெட்டில் இரவு முழுக்க நின்றவர்கள் நாங்கள். அங்கே அந்த நிலை வராது என்பான். வராமல் இருக்கட்டும். ஆனாலும் ஒரு லீற்றரை எப்படிப் பார்ப்பது என்று அந்த வருடம் எனக்குக் கற்றுக் கொடுத்ததை இனி மறக்க முடியாது.

*

அவனுக்கு எழுதிய பதிலின் நடுப்பகுதியை இங்கே வைத்துக்கொள்கிறேன். வேறு யாருக்காவது உதவும்.

“தம்பி, காலையில் போ. போனதும் பொனட்டில் கை வை. சூடாக இருந்தால் விற்பவர் உனக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் போ. இந்த ஹெமி எஞ்சின்களில் குளிர்ந்த நிலையில் டிக் டிக் என்று சத்தம் வரும் பழக்கம் உண்டு. எக்ஸோஸ்ட் மெனிபோல்ட்டின் போல்ட் உடைந்திருந்தால் சூடேறியதும் சத்தம் குறையும். சூடேறிய பிறகும் நின்றால் லிஃப்டரும் கேம்ஷாஃப்ட்டும் தேய்ந்திருக்கலாம். அது எஞ்சினைத் திறக்கும் வேலை.

“எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றச் சொல். வெள்ளைப் பீங்கானில் மிளகுப் பொடி தூவினமாதிரி புள்ளி இருந்தால், உள்ளே பெற்றோல் நேரத்துக்கு முன்பே வெடித்திருக்கிறது. பிஸ்டன் அடி வாங்கியிருக்கிறது. எட்டு சிலிண்டரிலும் கொம்ப்ரஷன் பார்க்கச் சொல், காற்றுக் கசிவுச் சோதனையும் செய்யச் சொல். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் விலை பேசாதே, விட்டுவிடு.

“டியூன் செய்தவர் யார், எந்தப் பெற்றோலுக்குச் செய்தார், காகிதம் எங்கே என்று கேள். அங்கே பம்பில் 94 என்று எழுதிய பெற்றோலுக்கு டியூன் செய்ததில் 91 போட்டு ஓட்டியிருந்தால் அந்த எஞ்சின் எவ்வளவு காலம் வலியோடு ஓடியதோ தெரியாது. தொழிற்சாலையின் பழைய கம்ப்யூட்டர், பழைய எக்ஸோஸ்ட், கெட்டலிட்டிக் கொன்வேட்டர் எல்லாம் பெட்டியில் இருக்கிறதா என்று பார். கெட்டலிட்டிக்கைச் சட்டப்படி கழற்றக் கூடாது. பழைய சாமானைப் பத்திரமாக வைத்திருப்பவர் காரையும் பத்திரமாக வைத்திருப்பார்; என் அனுபவத்தில் இது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

“ஒன்ராறியோவில் விற்பவர் பாவித்த வாகனத் தகவல் கோவையைத் தர வேண்டும். அதில் முன்னைய சொந்தக்காரர்களும், காரின் மேல் கடன் இருக்கிறதா என்பதும் இருக்கும். சேசிஸ் எண்ணைக் கண்ணாடியடியிலும் கதவுச் சட்டத்திலும் பார்த்துக் கோவையோடு ஒப்பிடு. களவெடுத்த காருக்கு வேறு எண் போட்டு விற்பது அங்கே நடக்கிறது. பாதுகாப்புச் சான்றிதழை 36 நாளைக்குத்தான் ஏற்றுக்கொள்வார்கள்; பழைய சான்றிதழைக் காட்டினால் புதியது கேள்.”

*

என் முடிவை இங்கேயும் எழுதிவிடுகிறேன். அந்தக் கறுப்புக் காரை எடுக்க வேண்டாம். சூப்பர்சார்ஜர் ஏற்றாத, தொழிற்சாலை விட்டபடியே இருக்கும் ஒரு ஸ்கட் பெக் பார். 485 குதிரை சக்தி எந்த மனிதனுக்கும் போதும். விலையும் குறையும், இன்சூரன்ஸும் பேசக்கூடிய அளவில் இருக்கும். மிச்சமாகும் காசில் முதலில் பிரேக் எண்ணெயையும் பேடையும் டயரையும் மாற்று. பிறகு வேகமாக ஓட்ட ஆசை வந்தால் போமன்வில் பக்கத்தில் 1961இல் திறந்த மொஸ்போர்ட் ஓட்டத்தளம் இருக்கிறது. இப்போது பெயர் மாறியிருக்கிறது. காசு கட்டி, தலைக்கவசம் போட்டு, சொல்லித்தருபவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கே ஓட்டு. அங்கே ஒரு நாள் ஓட்டினால் உனக்கே தெரியும், எஞ்சின் களைக்கும் முன் பிரேக் களைக்கும்.

அங்கே இப்போது பனி. பனியில் இந்தக் கார்களை விற்பவர்கள் விலையைக் குறைப்பார்கள், ஏனென்றால் பின்சக்கரத்தில் ஓடும் காரைக் குளிர்காலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் குறைந்த விலைக்காக அவசரப்பட வேண்டாம். உப்புச் சேறு படிந்த அடிப்பாகத்தில் துருவையும் பிரேக் குழாயையும் பார்க்க முடியாது. வழுக்கும் ரோட்டில் பிரேக்கை முழுதாக மிதித்துப் பார்க்கவும் முடியாது. ஏப்ரல் வரை பொறு, தம்பி. ரோடு காய்ந்த பிறகு காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, அடியைக் கழுவச் சொல்லி, படம் எடுத்து அனுப்பு. நான் பார்க்கிறேன்.